கை கற்ற கல்வி

இக்கலாசாலையின் பழைய மாணவர் என்னும் உரிமை பற்றி எம்மிடம் ஒரு கட்டுரை வேண்டுமென்று பத்திராதிபர் எழுதியிருந்தார். எதனைப் பற்றி எழுதுவதென்று யாம் சில நாள் மலைத்திருந்தோம். 1978 முதல் 1981 வரை இங்கு இரசாயன சாஸ்திரம் பயின்றோம். பின்னர் முப்பத்தாறு ஆண்டுகள் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் அதனையே போதித்து 2019-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோம். இவற்றுள் எழுதுதற்குரிய விசேஷம் ஒன்றுமில்லை. ஆயின், பாடசாலை மணி அடித்த பின்னர், மாலை வேளைகளில், யாம் கற்ற வேறொரு கல்வி உண்டு. அதற்குப் பட்டமளிப்பு விழா இன்னும் நடைபெறவில்லை; நடைபெறும் என்னும் நம்பிக்கையும் எமக்கில்லை. அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூறத் துணிந்தோம்.

நோயுற்றோர் உடம்பைத் தடவியும் பிடித்தும் வலியைத் தணிக்கும் சிறு தொழில் அது. இதற்குப் பெயர் யாது என்று நண்பர் பலர் வினவுவர். 'மாற்று மருத்துவம்' என்று சிலர் தாமே பெயரிட்டும் விடுவர். அப்பெயரை யாம் ஏற்பதில்லை. ஒன்றை அகற்றி அதனிடத்தில் மற்றொன்றை வைப்பதே மாற்று. யாமோ ஆஸ்பத்திரி வைத்தியர் கொடுத்த எதனையும் அகற்றுதற்கு உரியேம் அல்லேம். அவர் செய்வது ஒருபால் நடக்க, அதனோடு கூடச் செல்வது எமது பணி. ஆதலின் 'துணைச் சிகிச்சை' என்னும் பெயரே பொருந்தும். யாம் வைத்தியரும் அல்லேம். பாளையங்கோட்டையில் 1964-ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டு பயின்று வெளிவருவோரே சித்த வைத்தியர் எனப்படுதற்கு உரியோர். எம் வீட்டு வாயிலில் 'டாக்டர்' என்ற சொல்லோடு பலகை தொங்கவிடுமாறு எம் உறவினர் ஒருவர் பலமுறை வற்புறுத்தியதுண்டு. பலகை ஒன்று தொங்கியதும் உண்டு. அக்கதை பின்னர் வரும்.

1994-ஆம் ஆண்டு எம் தந்தையார் பக்கவாதத்தால் வீழ்ந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காத்து அனுப்பினர். வலக்கை மட்டும் மடங்கியபடி நின்றுவிட்டது. கையெழுத்துக்குப் பேர்போன கணக்கர் அவர். அக்கையை நோக்கி நோக்கி அவர் கொண்ட சினத்தில் வீட்டிலுள்ளார் ஒருவரும் அண்டமுடியாதிருந்தது. அப்போது கல்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து எம் ஊரில் தங்கியிருந்த முதியவர் ஒருவரை அயலார் அழைத்து வந்தனர். ஊரார் அவரை ஆசான் என்றே அழைப்பர். அவர் நாடியைப் பார்த்தார், கையைத் தூக்கிப் பார்த்தார், "கை பழையபடி வராது. உறக்கம் வரும்" என்று கூறினார். இவ்வளவு குறைவாக வாக்களித்த ஒருவரை யாம் அதற்குமுன் கண்டதில்லை. நாற்பது நாள் எண்ணெய் காய்ச்சிக் கொணர்ந்து தோள் முதல் விரல் நுனி வரை தடவினார். அவர் சொன்னபடியே கை திரும்பவில்லை. ஒன்பதாம் நாள் இரவு எம் தந்தையார் விடியும்வரை உறங்கினார். மறுநாட் காலை எம் தாயாரிடம், பல வாரங்களுக்குப் பின் முதன்முறையாக, சினமின்றிக் காப்பி கேட்டார்.

நாற்பதாம் நாள் அவர் புறப்படுகையில், எமக்குக் கற்பிக்க வேண்டுமென்று வேண்டினோம். எமக்கு அப்போது வயது முப்பத்துமூன்று. அவர் எம் கைகளைத் திருப்பிப் பார்த்து, "முதலில் நகத்தை வெட்டிவிட்டு வா, மக்களே" என்றார். அதுவே முதற்பாடம்.

அவரிடம் ஒன்பதாண்டு கற்றோம். முதல் இரண்டாண்டு முழங்காலுக்குக் கீழே மட்டுமே கைவைக்க அனுமதி. தொக்கணம் என்று சித்த நூல்கள் கூறும் அங்கமர்த்தனம் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகைப்படும். பெயர்களை ஒரு மாலைப்பொழுதில் மனப்பாடம் செய்துவிட்டோம். பிடித்தலுக்கும் இறுக்கலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கை அறிந்துகொள்ள ஓராண்டு சென்றது. வர்மம் நூற்றெட்டு, அவற்றுள் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்றும் சொல்லிக் கொடுத்தார். ஆயின் படுவர்ம இடங்களைக் காட்டும்போதெல்லாம், அழுத்துதற்காக அன்று, விலகுதற்காகவே காட்டினார். வகுப்பறையில் இரசாயனம் கற்பிக்கும் யாம், அமிலப் புட்டிகளை மாணாக்கர்க்கு முதலில் அறிமுகம் செய்வதும் அவ்வாறே அன்றோ!

இக்காலத்தில் நூல்களையும் தேடிப் படிக்கலானோம். ஐரோப்பாவில் இக்கலை நடந்துவந்த வழி எமக்குப் பெரிதும் வியப்பளித்தது. ஸ்வீடன் தேசத்தில் பேர் ஹென்ரிக் லிங் என்பார் 1813-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் உடற்பயிற்சிக் கலைக்கென ஒரு நிலையம் நிறுவினார். இங்கிலாந்திலோ அந்நூற்றாண்டின் முடிவில் 'மஸாஜ்' என்னும் பெயரே இழிபெயராய்விட்டது. அப்பெயரின் மறைவில் வேறு வியாபாரங்கள் நடப்பதாகப் பத்திரிகைகள் கண்டித்தன. அந்நிலையில் 1894-ஆம் ஆண்டு, தாதியரும் மருத்துவச்சியருமாகிய பெண்மணிகள் நால்வர் லண்டனில் கூடிப் பயிற்சி பெற்ற மஸாஜ் பெண்டிர் சங்கம் ஒன்றை அமைத்தனர். வைத்தியரின் கட்டளையின்றி எவர்க்கும் சிகிச்சை செய்யலாகாது; மருத்துவப் பத்திரிகைகளிலன்றி விளம்பரம் கூடாது; நோயாளிகட்கு மருந்து விற்றல் கூடாது. இவை அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகளுட் சில. அச்சங்கமே வளர்ந்து 1944-இல் பிஸியோதெரபி சங்கம் என்னும் பெயரைப் பெற்றது. அவ்விதிகளை எமது குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அழகிய எழுத்தில் எழுதி வைத்தோம். எழுதி வைத்ததோடு நின்றோம் என்பதையும் மறையாது சொல்லவேண்டும்.

1999-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் ஒரு பெருநகரத்தில் ஆறு நாட் பயிற்சிக்குச் சென்றோம். ஒன்பதாண்டில் ஆசான் கொடாத சர்டிபிகேட்டை அவர்கள் ஆறாம் நாள் மாலையிற் கொடுத்தனர், பொன்முத்திரையும் பதித்திருந்தனர். முதல் மூன்று நாள் ரிப்ளெக்ஸாலஜி. உள்ளங்காலின் ஒவ்வோரிடமும் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்குப் பிரதிநிதி என்பது அதன் கொள்கை. அமெரிக்க வைத்தியராகிய வில்லியம் பிட்ஸ்ஜெரால்ட் என்பார் 1917-இல் வெளியிட்ட மண்டலக் கொள்கையை, 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் பாதத்திற்குரிய படமாக விரித்தார். யாம் இரண்டு ஆசிரியர்களின் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, உறுப்புக்கள் சில ஒன்றில் ஓரிடத்தும் மற்றொன்றில் வேறோரிடத்தும் இருக்கக் கண்டோம். கால் பிடித்தல் சுகம் தருகின்றது என்பதில் எமக்கு இன்றும் ஐயமில்லை. கட்டைவிரலின்கீழ் யாரோ ஒருவரின் ஈரல் கிடக்கின்றது என்பதிலேயே ஐயம்.

எஞ்சிய மூன்று நாள் உடம்பைத் தொடாமலே உடம்பின்மேல் நாலங்குலம் கையை நீட்டி 'சக்தியை' உணரும் வித்தை. அதனையும் கற்றோம், உணர்ந்தோம் என்றே நம்பினோம். ஊருக்குத் திரும்பியதும் வாயிலில் பலகை தொங்கிற்று. 'டாக்டர்' என்ற சொல் இல்லையெனினும், 'சர்வதேச' என்ற சொல் இருந்தது.

அடுத்த ஆண்டு ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு செய்தி படித்தோம். அமெரிக்காவில் எமிலி ரோசா என்னும் சிறுமி, தன் ஒன்பதாம் வயதில், பள்ளிக்கூடப் பரிசோதனைக்காக இவ்வித்தை வல்லார் இருபத்தொருவரை ஒரு திரைக்கு அப்பால் அமரச்செய்து, அவர்தம் இரு கைகளையும் திரையினூடே நீட்டச்சொன்னாள். நாணயம் சுண்டி, ஏதேனும் ஒரு கைக்கு மேலே தன் கையை நீட்டினாள். எந்தக் கை என்று அவர்கள் உணர்ந்து கூறவேண்டும். 280 முறையில் 123 முறையே சரியாகக் கூறினர். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பாதியாவது தேறும். 1998-ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது.

இரசாயனம் போதிப்பவன் பரிசோதனையை மறுக்கமுடியுமா? எம் தமையனார் மகளை அழைத்து, போர்வையொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, யாமும் கையை நீட்டினோம். இருபது முறையில் ஒன்பது முறை சரி. அவள் இரக்கப்பட்டு, "இன்னும் ஒரு தரம் பார்ப்போமா, சித்தப்பா?" என்றாள். பலகையை அன்று மாலையே கழற்றினோம். அதன் பின்புறம் இப்போது எம் வீட்டு அடுக்களையில் காய் நறுக்க உதவுகின்றது. தேக்குப் பலகை.

இனிச் சொல்ல வேண்டியது, நகைத்துக்கொண்டு சொல்லக்கூடியதன்று.

2003-ஆம் ஆண்டு எம் தெருவில் தபால் இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். இடுப்பெலும்பு முறிந்து சத்திர சிகிச்சை பெற்று மூன்று வாரம் படுக்கையில் கிடந்து வீடு திரும்பியிருந்தார். இடது கெண்டைக்கால் வீங்கி வலிப்பதாகவும், படுத்தே கிடந்ததனால் நரம்பு பிடித்துக்கொண்டதென்றும் கூறி எம்மை அழைத்தார். யாம் சென்றோம். கால் வெதுவெதுப்பாயிருந்தது. எண்ணெயும் ஊற்றிப் பிடிக்கத் தொடங்கினோம். நன்றாக அழுத்திப் பிடித்தோம். வலிமை மிகுந்த கை என்று ஊரில் எமக்குப் பெயர். ஏறத்தாழப் பத்து நிமிஷம் சென்றிருக்கும். அடுத்த வீட்டிலிருந்து, தாதியாய் நெடுங்காலம் உழைத்த அம்மையார் ஒருவர் நலம் விசாரிக்க உள்ளே வந்தார். வாயிற்படியிலேயே நின்று, "வீக்கம் ஒரு காலில் மட்டுந்தானா?" என்றார். ஆம் என்றோம். "கையை எடுங்கள்" என்றார். அக்குரலை யாம் இன்றும் கேட்கின்றோம்.

காலின் உள்ளாழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்திருந்தது. அசையாது நெடுநாள் கிடப்போர்க்கும், இடுப்பிலும் முழங்காலிலும் சத்திர சிகிச்சை பெற்றோர்க்கும் அது நேர்வதுண்டு. அவ்வுறைகட்டி பெயர்ந்து இரத்தத்தோடு சென்று நுரையீரலில் அடைத்துக்கொள்ளுமாயின், பேசிக்கொண்டிருப்பவர் பேச்சு முடியுமுன் சாதலும் கூடும். அத்தகைய காலை எண்ணெய் பூசி அழுத்திப் பிசைவது, அதனைப் பெயர்த்து அனுப்புதற்கு வழி செய்வதேயாகும். அன்று மாலை டாப்ளர் ஸ்கேன் எடுத்து, ஹெபாரின் ஊசி போட்டனர். அவர் பிழைத்தார், அதன்பின் பதினோராண்டு வாழ்ந்தார். எம்மைக் காணுந்தோறும், "வாத்தியாரையா கைபட்டதும் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது" என்று பிறரிடம் புகழ்வார். அப்புகழைப்போல எம்மைச் சுட்டது வேறில்லை. உண்மையை அவரிடம் சொல்லுதற்கு எமக்கு இரண்டாண்டு சென்றது. கேட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்து, "அப்படியானால் அந்த அம்மாளுக்கு ஒரு நல்ல சேலை வாங்கிக் கொடுக்க வேண்டும்" என்றார், வாங்கியும் கொடுத்தார்.

ஆசானிடம் சென்று நடந்ததைக் கூறியபோது அவர் சினந்திலர். "நான் உனக்குக் கையைக் கொடுத்தேன், புத்தகம் என்னிடம் இல்லை. அதை உடையவரிடம் போ" என்றார். இங்ஙனம் கூறுதற்கு ஓர் ஆசிரியர்க்கு எத்துணை உறுதி வேண்டும் என்பதை, முப்பத்தாறாண்டு ஆசிரியராயிருந்த யாம் அறிவோம். யாம் எம் மாணாக்கர் எவர்க்கும் அங்ஙனம் கூறியதாக நினைவில்லை.

நாற்பத்திரண்டாம் வயதில் மீண்டும் மாணவரானோம். இளம் பிஸியோதெரபிஸ்ட் ஒருவர் வாரம் மூன்று மாலை எமக்கு உடற்கூறு கற்பித்தார். அவர்க்கு வயது இருபத்தாறு. தசைகளின் பெயர்கள் எமது மூளையில் நிற்க மறுத்தன. பதின்பருவத்தில் ஒருமுறை படித்தால் நிற்பது, நாற்பதுக்குமேல் ஏழுமுறை எழுதினாலே நின்றது. ஆயின் ஒன்றைக் கண்டோம்: நூலில் ஒரு தசையின் படத்தைக் கண்டவுடன் எமது பெருவிரல் தானே சிறிது அசையும், பெயர் தெரியாமலே பல்லாண்டு பழகிய இடம் அது என்று கை சொல்லும். மூளை பிந்திவந்து பெயர் சூட்டிற்று. எங்கே கைவைக்கலாகாது என்னும் பட்டியலைத் தனிக் குறிப்பேட்டில் எழுதினோம். ஒரு காலில் மட்டும் வீக்கம், காய்ச்சல், காரணம் அறியாத எடைக்குறைவோடு கூடிய முதுகுவலி, இரவில் உறக்கத்தினின்று எழுப்பும் எலும்புவலி, இரத்தம் உறையாமைக்கு மருந்துண்போர், புதிய எலும்பு முறிவு, தோலில் புண். அக்குறிப்பேடு இன்று மூன்றாவதாய் வளர்ந்திருக்கின்றது. செய்யலாவனவற்றை எழுதிய குறிப்பேடு ஒன்றே. அதிலும் சில பக்கங்களை அடித்துவிட்டோம்.

2009-ஆம் ஆண்டு முதல், தீரா நோயுற்றோரை வீடுதேடிச் சென்று பேணும் குழுவொன்றோடு யாமும் எம் மனைவியாரும் செல்லலானோம். இம்முறை அயல் மாநிலமாகிய கேரளத்தில் வேரூன்றியது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பெற்ற வலிநிவாரணச் சங்கம் ஊர்மக்களையே தொண்டராகப் பயிற்றிற்று. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இத்துறையில் எமக்கு வழிகாட்டியாய் வாய்த்தது ஒரு வரலாறு. இங்கிலாந்தில் 1918-இல் பிறந்த சிஸிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் தாதியாகப் பயின்றார். முதுகுவலியால் அப்பணி இயலாதாயிற்று. ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பநலம் காணும் அலுவலரானார். இறப்போரின் வலியைக் கண்டு பொறாது மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1957-இல், நாற்பதை நெருங்கும் வயதில், வைத்தியரானார். 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் ஆசிரமத்தைத் திறந்தார். வலி என்பது உடம்போடு நிற்பதன்று, உள்ளமும் உறவும் கடனும் கவலையும் அதிற் கலந்துள்ளன என்று அவர் காட்டியதை, எம் தந்தையாரின் அந்த ஒன்பதாம் நாளிரவோடு சேர்த்துப் பார்த்தபோது, ஆசான் என்ன செய்தார் என்பது எமக்கு முதன்முறையாக விளங்கிற்று.

புற்றுநோயாளிக்கு யாம் செய்வது மிகச் சிறிது. கட்டியிருக்கும் இடத்தையும் கதிர்வீச்சுப் பெற்ற தோலையும் விலக்கி, கையையோ பாதத்தையோ இருபது நிமிஷம் மெல்லத் தடவுவோம். அதனால் நோய் குறைவதில்லை. அச்சமும் வலியும் சில மணி நேரம் குறைகின்றன, சிலர் உறங்குகின்றனர். மார்பின் மருந்து வேண்டியவர்க்கு மார்பினே வேண்டும். எம் எண்ணெய் அதற்கு ஈடாகாது. இதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுகின்றோம். சிலர் முகம் வாடும். சொல்லாது விட்டால் பின்னர் எமது முகம் வாடவேண்டியிருக்கும்.

2011-ஆம் ஆண்டு ஆசான் படுக்கையில் விழுந்தார். எண்பத்தாறு வயது. கடைசி மூன்று வாரமும் மாலைதோறும் சென்று அவர் பாதத்தைத் தடவினோம். கண்ணை மூடியபடியே, "கனம் கூடுது, மக்களே" என்பார். குறைப்போம். "இன்னும் கூடுது" என்பார். எமது வலிமையெல்லாம் அவர் கொடுத்தது. அதனைத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றிற்று. கடைசி நாள் கையை வைத்ததன்றி அசைக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மார்பகச் சத்திர சிகிச்சை பெற்ற பெண்டிர்க்குக் கையிலும், வேறு சிலர்க்குக் காலிலும் நிணநீர் தேங்கி வீங்குவதுண்டு. அதனை வழிப்படுத்த, டென்மார்க்குத் தேசத்து எமில் வோடரும் அவர் மனைவியார் எஸ்ட்ரிடும் 1930-களில் ஒரு முறை வகுத்து, 1936-இல் பாரிஸ் நகரில் வெளியிட்டனர். நிணநீர்க் குழாய்கள் தோலையொட்டி இருத்தலின், தோல் சிறிது நகருமளவே அழுத்தம் போதும். தசை வரை அழுத்தினால் பயனில்லை. 2014-இல் இதனை யாம் இருவரும் கற்கப் புகுந்தோம். தசையே அறியாத எம் மனைவியார் இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டார். இருபதாண்டு தசையோடு மல்லாடிய எமது கை எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. சமையலறைத் தராசின்மேல் விரலை வைத்து, முள் எழாதபடி பழகினோம். பெண் நோயாளிகளை அவரே கவனிக்கின்றார். ஊரில் இப்போது எம்மைவிட அவரையே அதிகமாகத் தேடுகின்றனர்.

இவ்வாண்டு வீக்கத்திற்குப் பல சுற்றுத் துணிக்கட்டு கட்டும் முறையைக் கற்று வருகின்றோம். சனிக்கிழமைதோறும் குழுவின் தாதி ஒருத்தி வீட்டிற்கு வந்து கற்பிக்கின்றாள். வயது இருபத்துநான்கு, எம்மிடமே இரசாயனம் படித்தவள். மோல் கணக்கில் தவறியதற்காக யாம் ஒருநாள் அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தியதாக அவளே நினைவூட்டினாள், எமக்கு நினைவில்லை. முதல் சனிக்கிழமை எம் இருவரையும் கைகளை நீட்டச் சொன்னாள். எம் மனைவியாரின் கையைப் பார்த்துத் தலையசைத்தாள். எமது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள். பிறகு தொடங்கலாம்" என்றாள்.

எம் மனைவியார் எழுந்துபோய் நகவெட்டியைக் கொண்டுவந்தார்.